பழைய பாவத்தை ஏற்றுச் சொல்வதும் அதன்பின் மாயமற்று வாழ்வதும்

எங்கள் சபையில் திருவிருந்து நடக்கும் ஞாயிறுகளில் பொதுப் பாவ அறிக்கையை எல்லாரும் முழங்காலில் நின்று சேர்ந்து சொல்வோம். அதன்பின் ஆயர் எழுந்து மன்னிப்பின் வார்த்தைகளைக் கூறுவார். இவ்வளவும் இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும். பல ஆண்டுகள் நான் அந்த அறிக்கையை ஒரு சொல்லும் பிசகாமல் சொல்லிவந்தேன். அதே ஆண்டுகளில் என் பெரியப்பா மகனுக்குச் சொந்தமான ஒன்றரை அடி நிலத்தை என் கையாலைக்கு உள்ளே வைத்திருந்தேன். கையாலை என்பது, குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியை அறியாதவர்களுக்குச் சொல்வதானால், இரண்டு விளைகளுக்கு, அதாவது தோட்டங்களுக்கு, நடுவே மண்ணைக் குழைத்து எழுப்பும் எல்லைச் சுவர். களியக்காவிளைப் பக்கத்தில் எங்கள் ரப்பர் விளையின் கையாலை ஒரு மழைக்காலத்தில் சரிந்து விழுந்தது. திரும்பக் கட்டியவன் நான். கட்டும்போது கயிற்றைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

பழைய பாவம் ஒன்று உள்ளே கிடந்து உறுத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இறையியல் படித்தவன் அல்ல. சபையில் வேதபாடம் எடுத்துவரும் சாதாரண விசுவாசி. ஆகையால் கோட்பாட்டை விளக்குவதைவிட, என்ன செய்ய வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும் என்பதையே சொல்லப்போகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, பாவத்துக்கு அதன் சொந்தப் பெயரைக் கொடுப்பது. “ஆண்டவரே, நான் பெரிய பாவி” என்று சொல்வது எளிது, ஏனென்றால் அதில் எந்த ஆளும் இல்லை, தேதி இல்லை, தொகை இல்லை. “என் அண்ணனுடைய நிலத்தில் ஒன்றரை அடியைத் திருடினேன்” என்று சொல்வதற்கோ நாக்கு எழும்பாது. எந்த வாக்கியத்துக்கு நாக்கு எழும்பவில்லையோ அதுதான் சொல்ல வேண்டிய வாக்கியம். தனியாக உட்கார்ந்து, ஒரு தாளில், யாருக்கு என்ன செய்தேன் என்று எழுவாயும் பயனிலையும் வைத்து எழுதிப் பாருங்கள். “தவறு நடந்துவிட்டது” என்று எழுதினால் அடித்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள். தவறு தானாக நடக்காது. எழுதிய தாளை வேலை முடிந்ததும் கிழித்துப் போடுங்கள்; வைத்துக்கொண்டிருக்க வேண்டிய பொருள் அல்ல அது.

அப்படி எழுதும்போதே, பாவம் அல்லாதவற்றைப் பிரித்து எடுத்துவிடுவதும் நல்லது. பிள்ளையில்லாமை, நோய், தொழில் நஷ்டம், மகளுக்கு வரன் அமையாமை ஆகியவற்றுக்கெல்லாம் ஏதோ பழைய பாவம் காரணமாக இருக்கும் என்று துருவித் தேடுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. முன்னோர் செய்த பாவத்தின் சாபக்கட்டை உடைப்பதாகச் சொல்லிக் காணிக்கை வாங்குகிறவர்களும் உண்டு. எசேக்கியேல் 18-ஆம் அதிகாரம் தகப்பனுடைய அக்கிரமத்தைக் குமாரன் சுமப்பதில்லை என்று ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றே இயேசு பதில் சொன்னார். செய்யாத பாவத்துக்கு மன்னிப்புத் தேடி அலைகிறவர்கள் செய்த பாவத்தை மறந்துவிடுவதை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன்.

அடுத்தது அறிக்கை. இந்தச் சொல் தமிழில் கொஞ்சம் அலுவலக வாடை அடிக்கிறது என்பது என் எண்ணம். கேரள எல்லைக்கு அப்புறம் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் மலையாளத்தில் ஆராதிக்கிற உறவினர்கள் இதையே ‘ஏற்றுபறச்சில்’ என்பார்கள். அதாவது தன்மேல் ஏற்றுக்கொண்டு சொல்வது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லுக்கும் ‘அதையே சொல்லுதல்’, ‘ஒத்துச் சொல்லுதல்’ என்ற பொருள் உண்டு. கடவுள் அந்தச் செயலைப் பற்றி என்ன சொல்கிறாரோ அதையே நாமும் சொல்லிவிடுவதுதான் அறிக்கை. அதில் விளக்கம் சேர்க்கத் தேவையில்லை. “அண்ணனும் அப்பா காலத்தில் எங்களை ஏமாற்றினார்” என்று நான் பல முறை ஜெபத்தில் சேர்த்திருக்கிறேன். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் அது அவருடைய அறிக்கையில் வர வேண்டிய வரி, என்னுடையதில் அல்ல.

கத்தோலிக்கர்களுக்கு இதற்கென்று, குருவிடம் தனியாகப் பாவத்தைச் சொல்லும் ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. பழைய ஆட்கள் பாவசங்கீர்த்தனம் என்பார்கள். குருவானவர் கேட்டதை எக்காரணத்தைக் கொண்டும் வெளியிடக் கூடாது என்பது அவர்களுடைய திருச்சபைச் சட்டம். கனமான பாவங்களை ஆண்டுக்கு ஒரு முறையாவது அறிக்கையிட வேண்டும் என்பதும் அந்தச் சட்டமே. எங்களைப் போன்ற சபைகளில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும், “உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு” என்று யாக்கோபு எழுதியது எங்கள் வேதாகமத்திலும் இருக்கிறது. கடவுளிடம் பல முறை சொல்லியும் பாரம் இறங்காத பாவமானால், வாயைக் கட்டக்கூடிய ஒரு மூத்த விசுவாசியையோ ஆயரையோ தேடிப்போய் அவர் காது கேட்கச் சொல்லுங்கள். ஜெபக்கூட்டத்தில் சொல்ல வேண்டாம். அங்கே சொல்வது பெரும்பாலும் மறுநாள் சந்தையில் விற்கும்.

“நான் அடக்கிவைத்தமட்டும், நித்தம் என் கதறுதலினாலே என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று” என்கிறது 32-ஆம் சங்கீதம். அடக்கிவைப்பதன் களைப்பை அறிந்தவன் எழுதிய வரி அது. அதே சங்கீதத்தில், அறிக்கையிடுவேன் என்ற உடனே தேவரீர் மன்னித்தீர் என்று வருவதைக் கவனியுங்கள். நடுவில் தண்டனைக் காலம் எதுவும் குறிப்பிடப்படவில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லாமல் கடக்க முடியாது. இயேசுவின் சீஷர்களான யூதாசும் பேதுருவும் ஒரே இரவில் விழுந்தவர்கள்; முன்னவன் அவரைக் காட்டிக்கொடுத்தான், பின்னவன் அவரை அறியேன் என்று மறுதலித்தான். யூதாஸ் வருந்தினான், “பாவஞ்செய்தேன்” என்று வாயைத் திறந்து சொன்னான், முப்பது வெள்ளிக்காசைத் திருப்பியும் கொடுத்தான். அறிக்கையும் ஈடும் இரண்டுமே அவனிடம் இருந்தன. ஆனால் அவற்றை அவன் ஆசாரியர்களிடம் கொண்டுபோனான். தான் காட்டிக்கொடுத்தவரிடம் போகவில்லை. பேதுருவோ மனங்கசந்து அழுதான், பிறகு ஒரு நாள் விடியற்காலையில் கரையில் நின்றவர் ஆண்டவர் என்று கேட்டதும் கடலில் குதித்து அவரிடத்துக்கே போனான். யோவான் இன்னொன்றையும் எழுதிவைத்திருக்கிறார். பேதுரு மறுதலித்த முற்றத்தில் எரிந்தது கரிநெருப்பு; உயிர்த்த இயேசு மீனும் அப்பமும் வைத்துக் காத்திருந்த கரையிலும் கரிநெருப்பு. அந்த வாசனையே பேதுருவின் நெஞ்சைக் கிளறியிருக்கும். அங்கேதான் மூன்று முறை மறுதலித்தவனிடம் மூன்று முறை “என்னில் அன்பாயிருக்கிறாயா” என்ற கேள்வி வந்தது. முதலில் சாப்பாடு, பிறகுதான் கேள்வி. குற்றவுணர்வு உங்களைக் கிறிஸ்துவின் பக்கம் நடக்கவைத்தால் அது பவுல் சொல்லும் ‘தேவனுக்கேற்ற துக்கம்’. அவரை விட்டு ஒளியவைத்தால், எத்தனை கண்ணீர் வடித்தாலும் அது வேறு வகை.

அறிக்கையிட்டபின் மன்னிப்பை நம்புவதும் ஒரு வேலைதான். பலருக்கு அதுவே கடினமான வேலை. 1 யோவான் 1:9-ஐ எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்: “நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து எல்லா அநியாயத்தையும் நீக்கி நம்மைச் சுத்திகரிப்பதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்.” இதில் ‘இரக்கம் உள்ளவர்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘நீதியுள்ளவர்’ என்று வருவது எனக்கு நெடுநாள் புரியவில்லை. கிறிஸ்தவ நம்பிக்கையின்படி பாவத்தின் கடன் சிலுவையில் செலுத்தப்பட்டுவிட்டது. செலுத்தப்பட்ட கடனை இரண்டாம் முறை கேட்பது நீதியாகாது. ஆகவே மன்னிப்பு கடவுளின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது அல்ல. பழைய பாவம் நள்ளிரவில் மறுபடியும் நினைவுக்கு வரும்போது, அதையே மறுபடியும் புதிதாக அறிக்கையிட வேண்டாம். “இதை இன்ன நாளில் உம்மிடம் சொன்னேன், நீர் மன்னித்தீர், நன்றி” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுங்கள். அப்படியும் உறுத்தல் நிற்காவிட்டால், அது கடவுளோடு உள்ள கணக்காக இல்லாமல் மனிதரோடு தீர்க்காத கணக்காக இருக்கலாம். என்னுடையது அப்படித்தான் இருந்தது.

மனிதரோடு கணக்குத் தீர்ப்பதைப் பற்றி எங்கள் பிரசங்கங்களில் போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் மனக்குறை. மன்னிப்பு இலவசம் என்பதைக் காக்கும் அக்கறையில், திருப்பிக் கொடுப்பதைச் சொல்லவே தயங்குகிறோம். வரி வசூலித்துச் செல்வனான சகேயுவின் கதையில் நிகழ்ச்சிகளின் வரிசையைப் பாருங்கள். இயேசு அவனுடைய வீட்டில் தங்க வேண்டும் என்று முதலில் சொன்னார்; சகேயு பாதி ஆஸ்தியை ஏழைகளுக்கும், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகவும் கொடுப்பதாகப் பிறகு சொன்னான். கொடுத்ததால் அவர் வீட்டுக்கு வரவில்லை. அவர் வந்ததால் கொடுத்தான். இந்த வரிசையை மாற்றினால் திருப்பிக் கொடுப்பது மன்னிப்பின் விலையாகிவிடும். விட்டுவிட்டாலோ, திருடிய பலாமரத்தின் நிழலில் உட்கார்ந்து நன்றிப் பாட்டு பாடுவதாகிவிடும்.

பலாமரம் என்று நான் உவமைக்காகச் சொல்லவில்லை. அந்த ஒன்றரை அடிப் பட்டை நாற்பது அடி நீளம். அறுபது சதுர அடி, ஒரு சென்டில் ஏழில் ஒரு பங்குகூட வராது. ஆனால் அதில் ஒரு வருக்கைப் பலா நின்றது. பதினொரு ஆண்டுகள் அதன் சக்கையை, அதாவது பலாப்பழத்தை, நாங்கள் வெட்டித் தின்றோம், சந்தைக்கும் கொடுத்தோம். உபாகமம் 27:17-ஐ ஒரு ஞாயிறு பாடமாக வாசிக்கும் முறை எனக்கு வந்தது: “பிறனுடைய எல்லைக்குறியை ஒற்றிப்போடுகிறவன் சபிக்கப்பட்டவன்.” அந்த வசனத்தின் முடிவில் ஜனங்களெல்லாரும் ஆமென் என்று சொல்ல வேண்டும். வாசிப்பவனும் சொல்ல வேண்டும் அல்லவா?

அன்று மாலை அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் ரப்பர் ஷீட்டைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தார். “அண்ணே, நம்ம கையாலை இடிஞ்சப்போ உங்க பக்கமா ஒன்றரை அடி தள்ளி நான்தான் கட்டினேன்” என்றேன். அவர் ஷீட்டை விரித்து முடித்துவிட்டுத்தான் திரும்பினார். “அது எனக்கு அப்பளே தெரியும்டே. நீ எப்ப வருவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்” என்றார். பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. வேதாகமச் சட்டப்படி முதலும் அதோடு ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று படித்திருந்ததால், சக்கைக்கு ஒரு கணக்குப் போட்டுப் பணத்தை உறையில் கொண்டுபோயிருந்தேன். அவர் அதை வாங்கினார். வாங்கமாட்டார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் என்பதையும் இங்கே ஏற்றுச் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் சர்வேயரை வைத்து அளந்து, என் செலவில் கையாலையை மாற்றிக் கட்டினோம். மதினி அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டுகள் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. கடவுள் உடனே மன்னித்தார் என்பதற்காக மனிதரும் உடனே மன்னிக்க வேண்டும் என்று நாம் கேட்க முடியாது. மன்னிப்புக் கேட்கத்தான் நமக்கு உரிமை, கால அளவு குறிக்க அல்ல.

இப்படிப் போகிறவர்கள் சில காரியங்களைக் கவனிக்க வேண்டும். போவதற்கு முன்பே கொடுக்க வேண்டியதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெறுங்கையோடு போய் அழுதால், அநியாயம் அனுபவித்தவரே நமக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிடும். மூன்றாம் ஆளைத் துணைக்குக் கூட்டிப்போக வேண்டாம். “நான் ஏதாவது தப்பு செய்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்” என்ற வாக்கியத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அது மன்னிப்புக் கேட்பதுபோல ஒலிக்கும் மறுப்பு. அநியாயம் அனுபவித்தவர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசுகளிடம் போங்கள்; வாங்குவதற்கு உறவினரும் இல்லையென்றால் அது கர்த்தருக்கென்று செலுத்தப்பட வேண்டும் என்று எண்ணாகமம் 5-ஆம் அதிகாரத்தில் வழி இருக்கிறது. இன்ன ஆள் என்று சுட்ட முடியாத பாவங்களும் உண்டு. இந்த எல்லையில் ரேஷன் அரிசியை அப்புறம் கடத்திப் பிழைத்தவர் ஒருவர் மனந்திரும்பினால் யாரிடம் திருப்பிக் கொடுப்பார்? அந்த அரிசி ஏழைகளின் அடுப்புக்குப் போயிருக்க வேண்டியது. ஆகவே ஏழைகளின் அடுப்புக்கே அது திரும்ப வேண்டும், கோயில் கோபுரத்துக்குப் போகக் கூடாது. சட்டம் கேட்கும் கணக்கு வேறு. அது வந்தால் அதற்கும் ஒப்புக்கொடுக்கத்தான் வேண்டும்.

எல்லாப் பாவத்துக்கும் இந்த வழி பொருந்தாது. பழைய கள்ள உறவை, இன்று வேறு குடும்பமாக வாழ்கிறவரின் வீட்டு வாசலில் போய் அறிக்கையிடுவது நம் பாரத்தை அவர்மேல் இறக்குவதாகும். ஆயரிடம் கலந்து பேசாமல் அப்படிச் செய்யக் கூடாது. அடித்தவனையோ, சிறுவயதில் கெடுத்தவனையோ நேரில் சந்தித்துத்தான் மன்னிக்க வேண்டும் என்று யாரும் யாரையும் வற்புறுத்தக் கூடாது. அவன் செய்தது குற்றம்; காவல் நிலையத்துக்குப் போக வேண்டிய காரியத்தை ஜெப அறையில் மூடிவைப்பது இரண்டாவது பாவம்.

மற்றவர்களை மன்னிப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் மத்தேயு 18-இல் உள்ள உவமையே முழுக் கணக்கையும் போட்டுவைத்திருக்கிறது. பதினாயிரம் தாலந்து கடன் தள்ளுபடியான வேலைக்காரன், தனக்குக் கொஞ்சம் கடன்பட்ட உடன் வேலைக்காரனை மன்னிக்கவில்லை என்பது அந்த உவமை. ஒரு தாலந்து ஏறக்குறைய ஆறாயிரம் நாட்கூலி. பதினாயிரம் தாலந்து என்றால் ஆறு கோடி நாட்கூலி. எத்தனை தலைமுறை ரப்பர் பால் வெட்டினாலும் அடைபடாத கடன். உடன் வேலைக்காரன் பட்டிருந்ததோ நூறு வெள்ளிப்பணம், நூறு நாட்கூலி. நூறு நாள் கூலி சின்னத் தொகை அல்ல என்பது கூலிக்குப் போகிறவனுக்குத் தெரியும்; நமக்கு இழைக்கப்பட்ட அநியாயமும் நிஜமானதுதான். ஆனால் நமக்குத் தள்ளுபடியானதன் பக்கத்தில் வைத்தால் அது ஆறு லட்சத்தில் ஒரு பங்கு.

இனி, மன்னிப்புப் பெற்றபின் வாழ்வது எப்படி? பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது ‘மாயமற்ற விசுவாசம்’ என்கிறார். நம் வேதாகமத்தில் ‘மாயக்காரர்’ என்று வரும் இடத்தில் கிரேக்கத்தில் உள்ள சொல் நாடக மேடையில் நடிக்கிறவனைக் குறித்தது. வேஷம் கட்டாத விசுவாசம் என்று அதைப் புரிந்துகொள்ளலாம். பாவம் செய்யாத விசுவாசம் என்று பவுல் சொல்லவில்லை. அதே கடிதத்தில் பாவிகளில் பிரதான பாவி நான் என்றும் எழுதுகிறார்.

எங்கள் மண்ணில் இதற்கு நட்டாலத்தில் பிறந்த தேவசகாயத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய அவர் 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அவருடைய விசுவாசம் மாறியதை ஊர் எதில் கண்டது என்றால், தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு அவர் உட்கார்ந்து சாப்பிட்டதில். நான் சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபைக்காரன், புனிதர்களிடம் வேண்டும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஆனாலும் யாரோடு எந்த இலையில் சாப்பிடுகிறான் என்பதே ஒருவனுடைய விசுவாசத்துக்கு அளவுகோல் என்பதை அவரிடம் கற்றுக்கொள்வதில் எனக்குத் தடையில்லை.

சாட்சி சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கன்வென்ஷன் என்னும் நற்செய்திக் கூட்ட மேடைகளில் குடி, ரவுடித்தனம், சூது என்று பழைய வாழ்க்கையை முக்கால் மணி நேரம் சுவையாகச் சொல்லிவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் இயேசுவுக்கு வருகிறார்கள். குப்பையில் போட்ட சட்டையை எடுத்து மறுபடியும் உடுத்திக் காட்டுவது போன்றது இது. உங்கள் பழைய பாவத்தால் அவதிப்பட்ட மனைவி கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று எண்ணிப் பேசினால் நேரம் தானாகக் குறையும்.

மன்னிக்கப்பட்ட பாவத்தின் விளைவுகள் சில காலம் நிற்கும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். தாவீதின் பாவத்தைக் கர்த்தர் நீங்கச் செய்தார் என்று சொன்ன அதே நாத்தான் தீர்க்கதரிசி, பட்டயம் தாவீதின் வீட்டை விட்டு விலகாது என்றும் சொன்னான். குடியை விட்டவனுடைய ஈரல் உடனே சீராவதில்லை. கடனாளி மனந்திரும்பிய மாதத்திலும் வட்டி ஏறும். இவற்றை மன்னிப்புக் கிடைக்காததன் அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மறுபடியும் விழுந்தால் என்ன செய்வது என்ற கேள்விதான் வேதபாடத்தில் அதிகம் வரும். கன்வென்ஷன் வரட்டும், லெந்து என்னும் தவக்கால நாட்கள் வரட்டும், திருவிருந்து ஞாயிறு வரட்டும் என்று தள்ளிப்போடுவதால்தான் சின்னப் பாவம் பதினொரு ஆண்டு வளர்கிறது. அன்றையதை அன்றே, பெயர் சொல்லி, முடிந்தால் சம்பந்தப்பட்டவரிடமே சொல்லிவிடுங்கள். மகனைக் காரணமில்லாமல் திட்டியிருந்தால் மகனிடம், கடையில் மீதிச் சில்லறை கூடுதலாக வாங்கியிருந்தால் கடைக்காரரிடம். எங்கள் வீட்டில் அதற்கென்று வைத்திருக்கும் நேரம் இரவு ஏழரை மணி, குடும்ப ஜெபத்துக்குப் பாய் விரிப்பதற்குச் சற்று முன்.